தெற்கே காற்று

"செத்துகித்துப் போயிட்டானா அவன்?" என்று கத்தினார் சக்கரபாணி. பதினோராவது முறையாக அடித்தும் டிரைவர் பச்சமுத்து போனை எடுக்கவில்லை.

மரக்காணத்தில் அவருடைய உப்பளத்து வரப்பு நெடுக, வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள் பதினெட்டு, மூடாமல் கிடந்தன. மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சித்திரை மழை அரை மணி நேரம் அடித்தால் போதும், மூன்று மாத உழைப்பும் கரைந்து வாய்க்காலோடு போய்விடும்.

மூட வேண்டிய தார்ப்பாய்கள் அத்தனையும் பச்சமுத்துவின் லோடு வண்டியில் இருந்தன. கோட்டக்குப்பத்தில் கிழிசல் தைக்கக் கொடுத்திருந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பி அரை மணி நேரம் ஆயிற்று என்று தையல்கடைக்காரர் சொல்லிவிட்டார். அவன் எங்கேயாவது டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

"அவரு ஸ்டியரிங்குல கை வெச்சா போனத் தொட மாட்டாருங்க, மொதலாளி," என்றாள் உப்பு வாரும் சவரியம்மாள். "வேலைக்குச் சேரும்போதே சொல்லிட்டுத்தானே சேந்தாரு? நேரா வந்துடுவாரு."

"பெரிய கலெக்டரு பாரு! கூப்புட்டா எடுக்காதவனுக்கு எதுக்குப் போனு? வரட்டும், இன்னியோட அவன் சீட்டக் கிழிச்சிடுறேன்."

கோபம் வந்தால் சக்கரபாணிக்குக் கண்மண் தெரியாது. அவர் கூப்பிட்டால் எடுத்தாக வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, கோயிலில் நின்றுகொண்டிருந்தாலும் சரி. ஒருமுறை எடுக்காமல் விட்டதற்காகச் சொந்த மகன் ராஜவேலின் போனைப் பிடுங்கி உப்புத் தண்ணீர்ப் பாத்தியில் வீசிய மகானுபாவர் அவர்.

அன்றிலிருந்து பையன் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவான். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ராஜவேலின் ஞாபகம் வந்ததும் அவனுக்கு அடித்தார். புதுச்சேரியில் காலேஜ் முடிந்து அவனும் அதே சாலையில்தான் வந்துகொண்டிருப்பான்.

முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"கூனிமேடு தாண்டிட்டேம்பா..." மிச்சம் காதில் விழவில்லை. உஸ்ஸென்று ஒரே காற்று இரைச்சல்.

சக்கரபாணி சட்டென்று வானத்தைப் பார்த்தார். முப்பது வருடமாகக் காற்றைப் பார்த்தே உப்பு எடுப்பவர். தெற்கே இப்படிக் காற்று இறங்கிவிட்டதென்றால் மழை அதன் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம்.

"தெக்க பேய்க்காத்து அடிக்குதும்மா!" என்று சவரியம்மாளிடம் பதறினார். பிறகு போனில் கத்தினார். "டேய், நம்ம பச்சமுத்து வண்டியப் பாத்தியா?"

"தோ, முன்னாடிதாம்பா போவுது. ரெண்டு நிமிசத்துல நானே கூப்புடுறேம்பா..."

"கூப்புடுறதாவது கிழிக்கிறதாவது! அந்த ராஸ்கல் என் போன எடுக்க மாட்டேங்கிறான். உன் போன அவங்கிட்ட குடு. நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கணும்."

"இப்ப எப்பிடிப்பா குடுக்க முடியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. லைன கட் பண்ணின, அந்தப் போனு போன எடத்துக்கே இதுவும் போயிடும். இப்பவே குடுக்கணும்!"

"சரிப்பா... சரி, சரி. லைன்லயே இருங்க."

இரைச்சல் இன்னும் ஏறியது. ஹாரன் இரண்டு தரம் அலறியது. பிறகு டக்கென்று ஏதோ தட்டிய சத்தம். காற்று நின்றுவிட்டது.

போனைக் காதில் அழுத்திக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார். ஒரு இரைச்சலும் இல்லை. அவர் முகம் தெளிந்தது.

"காத்து நின்னுடுச்சு சவரியம்மா! மழ கலைஞ்சிடும், பாரேன்."

அண்ணாந்து பார்த்தார். நிஜமாகவே கறுப்பு விலகி, அம்பாரங்களின் மேல் வெயில் விழ ஆரம்பித்தது. உப்பு தப்பித்துவிட்டது. உப்பு தப்பித்ததால் அவர் கோபம் தணிந்துவிடுமா என்ன? திட்டுவதற்கு இப்போதுதான் அவருக்குச் சாவகாசம் கிடைத்தது.

ரொம்ப நேரம் கழித்து, "மொதலாளி..." என்று ஒரு குரல் கேட்டது. பச்சமுத்துதான்.

"வாங்க தொர! பதினோரு தடவ அடிச்சேனேடா, காது அடச்சிப் போயிருந்திச்சா? இங்க பதினெட்டு அம்பாரம் கரையப் பாத்துச்சு. ஐயா போனு எடுக்க மாட்டாராமா!"

"நான் வண்டி ஓட்டிக்கிட்டு..."

"ஊருல ஒலகத்துல எவனும் வண்டி ஓட்டல, நீ ஒருத்தந்தான் ஓட்டுற! எம்புள்ளயப் பாத்துக் கத்துக்கடா. மொத ரிங்குலயே எடுத்தான். குடுன்னு சொன்னேன், குடுத்தான். அவன்தாண்டா ஆம்பள."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ, "தண்ணி, தண்ணி எடுத்தாங்க," என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா? உங்கிட்ட எனக்கென்ன பேச்சு? போன எம்புள்ளகிட்ட குடு!"

"வண்டிய ஓரங்கட்டிட்டுத்தாங்க பேசுறேன்," என்றான் பச்சமுத்து. அவன் குரல் உடைந்தது. "எப்பிடிங்க குடுப்பேன், மொதலாளி... தம்பியும் பைக்கும் எதுக்க வந்த லாரிக்கு அடியில கெடக்குது."