பிப்ரவரி இருபத்தொன்பது

கணினிக்குள் ஒரு நாள்காட்டி நிரல். தன்னைச் சோதிக்கும் கேள்விகளையும் தன் வயிற்றிலேயே எழுதி வைத்திருந்தது. ஓர் இயந்திரம் தினமும் காலையில் அவற்றை உருவிப் புது வினாத்தாள் செய்யும், பழையதை அழித்துவிடும். ஒரு விடை தப்பினாலும் நிரல் வெளியே வேலைக்குப் போக முடியாது.

அன்றைய வினாத்தாள் கேட்டதற்கெல்லாம் நிரல் சரியாகச் சொன்னது.

வினாத்தாள் சிரித்தது: "உன் கேள்விக்கு நீயே பாஸா? பலே. பிப்ரவரி இருபத்தொன்பது எந்தெந்த வருஷம் வரும், அண்ணே?"

நிரல் எரிந்து விழுந்தது. "அதை நான் எழுதலையே. நாளைக்கு நீயே இருக்க மாட்டே, போடா."

"நான் இருக்க மாட்டேன். பிப்ரவரி இருக்குமே?"

நிரலுக்குச் சுருக்கென்றது. அன்றிரவே அந்தக் கேள்வியையும் தன் வயிற்றில் கடைசியாக எழுதிக்கொண்டது.

மறுநாள் புது வினாத்தாள் தன் கடைசிக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இது யார் கேட்டது, அண்ணே?"

"நேத்து இருந்தவன். கேளு, எனக்கு இன்னும் விடை தெரியாது."