எடுக்காத போன்

நர்சிங் கவுன்சிலிங்குக்கு அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் பூமிகா கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து 'லாக்' செய்யாவிட்டால் இந்த வருஷம் சீட் கிடையாது.

நாலு இருபதுக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் நெட் போய்விட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜே.சி.பி., கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டதாம். சென்டரை நடத்தும் ஏஞ்சலுடைய போனும் பூமிகாவின் போனும் அதே கம்பெனி சிம். இரண்டிலும் நெட் இல்லை. பூமிகாவின் அப்பா தணிகாசலம் வைத்திருந்ததோ பட்டன் போன்.

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த லோகுவின் போனில் மட்டும் நெட் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவன். போனைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் நெட் வந்துவிடும், பத்து நிமிஷ வேலைதான் என்று ஏஞ்சல் அவனிடம் கேட்டாள்.

லோகு தயங்கினான். "இல்லீங்க, எனக்கு ஒரு கால் வரணும்."

தணிகாசலத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் படிப்பே இங்கே ஊசலாடுகிறது, இவனுக்குக் கால் வரணுமாம். பெரிய கலெக்டர் என்று நினைப்பு.

பூமிகா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

லோகு போனை நீட்டினான். "சீக்கிரம் முடிங்க."

ஏஞ்சல் கேபிளைச் செருகி டெதரிங்கை ஆன் செய்தாள். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது.

"பழைய போனுண்ணா. நடுவுல கால் எடுத்தீங்கன்னா நெட் நின்னுடும். மறுபடி மொதல்லேர்ந்து போடணும்."

அவன் தலையாட்டினான்.

நாலு முப்பத்தைந்து. கவுன்சிலிங் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நாளில் தமிழ்நாடே அந்த ஒரு பக்கத்தில் வந்து முட்டினால் வேறு என்ன ஆகும்?

போன் அடித்தது. லோகு திரையைப் பார்த்தான். கட் செய்தான்.

நாலு நாற்பத்திரண்டு. பூமிகா கல்லூரிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தாள். மறுபடி போன் அடித்தது. இந்த முறை லோகுவின் விரல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் கட் செய்தான்.

"கால் வரணும்னு சொன்னியேபா. இப்ப வர்றதையெல்லாம் கட் பண்ணிக்கினு கீறியே?" என்றார் தணிகாசலம்.

லோகு கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போனைக் கொடுக்க மனசில்லாமல் சொன்ன சாக்குதான் அது என்று தணிகாசலம் முடிவே கட்டிவிட்டார்.

அவருடைய பட்டன் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. அவசரத்தில் ஒரு எண்ணை மாற்றிப் படித்தார். தவறு என்றது கம்ப்யூட்டர். இன்னொரு ஓ.டி.பி. வருவதற்குள் எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து லோகுவின் போன் மூன்றாவது முறை அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கட் செய்தான்.

நாலு ஐம்பத்தாறுக்கு 'லாக்' ஆனது. பூமிகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

லோகு போனைக் கழற்றி அந்த நம்பருக்கு அடித்தான். "மேஸ்திரி..." என்று ஆரம்பித்தவன், மறுமுனை சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி மேஸ்திரி" என்று வைத்துவிட்டான்.

அப்போது தணிகாசலத்தின் போன் அடித்தது. அவருடைய மகன் மணிகண்டன். பட்டன் போனில் பேசினால் கடைக்கே கேட்கும்.

"நைனா, பவர் பிளாண்ட்ல ஷட்டவுன் வேலை எனக்குக் கெடைச்சிடுச்சு. நாப்பது நாளு. லிஸ்ட்ல லோகுன்னு ஒருத்தன் பேருதான் இருந்துச்சாம். மேஸ்திரி மூணு வாட்டி போட்டும் கட் பண்ணிட்டானாம். அதான் அவன் எடத்துல என்னைப் போட்டுட்டாரு."

பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். மேஸ்திரி கூப்பிடும்போது எடுக்காதவன் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதுதான். தணிகாசலத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

லோகு வாசல்வரை போய்த் திரும்பினான்.

"உங்க பையன காலைல ஆறு மணிக்கே பிளாண்ட் கேட்டாண்ட போய் நிக்கச் சொல்லுங்க. ஷூ போட்டுனு போவணும், இல்லாட்டி உள்ள உடமாட்டாங்க."