மறைத்த ஒரு மணி நேரம்

தெருவெல்லாம் கேமரா வந்தபிறகு, பெண் பார்க்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லை. காவல் நிலையத்தில் பெண்ணின் நடமாட்டப் பதிவையே வாங்கிவிடுகிறார்கள். ஆனாலும் மாதத்தில் ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் கேமராக்களுக்குத் தெரியாமல் மறைந்துகொள்ளலாம், ஏன் என்று எவரும் கேட்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இருந்தது.

இளவேனி மாதம் தவறாமல் மறைந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய் கோமளாவுக்கு அதுதான் உறுத்தியது.

"சட்டம் கெடக்கட்டும்மா. வயசுப் பொண்ணு மாசாமாசம் எங்க போன?"

"அது என்னோட நேரம் அத்தை. சொல்ல மாட்டேன்." மரியாதையாகத்தான் சொன்னாள் இளவேனி.

கோமளா கைப்பையோடு எழுந்துவிட்டாள். பெண்ணைப் பெற்ற செந்தாமரை, பாவம், ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். இதோடு மூன்றாவது இடம் தட்டிப்போகிறதே என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"உக்காருங்க அண்ணி. தப்பா ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாண்டுக் கடையில தனியா ரெண்டு புரோட்டா தின்னுட்டு, போற வர்ற பஸ்ஸை வேடிக்கை பாப்பா. அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னோட ஒரு மணி நேரத்தையும் மறைச்சுக்கிட்டு, நாலு மாசம் அவ பின்னாலயே போனேன்."

கோமளாவின் முகம் தெளிந்தது. "பெத்தவளே பாத்தாச்சுன்னா அப்புறம் என்ன?" என்று மறுபடி உட்கார்ந்தாள்.

இளவேனி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கோமளாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சந்தேகத்தை நேர்ல கேட்டீங்க அத்தை, ஒளிஞ்சு பின்னால வரல. கல்யாணத் தேதியைச் சீக்கிரமா வையுங்க."