சிஞ்ஞோரின் குட்டித் துப்பாக்கி

"என்னுடைய துப்பாக்கி பாரம். பைக்குள் போட்டால் கால்சட்டையே இறங்கிவிடுகிறது" என்றார் பல் மருத்துவர்.

"என்னுடையது இலேசு. ஆனால் அவசரத்துக்குச் சிக்கிக்கொள்ளும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தருகே நகைக்கடை வைத்திருந்த சிஞ்ஞோர் பிலிப்போ, தன் வீட்டுக்கு வந்திருந்த அந்த இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"என்னுடையதைச் சுடவே தேவையில்லை. இன்று காலை கடைக்குள் ஒரு திருடன் கத்தியை நீட்டினான். கண்ணாடி போடக்கூட எனக்கு நேரமில்லை, துப்பாக்கியை எடுத்து நீட்டினேன். அதன் வாயைப் பார்த்ததும் முகம் வெளிறி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டான்!"

"அப்படியா! நானும் அதே ரகத்தை வாங்குகிறேன். காட்டுங்கள்!" என்றார் பல் மருத்துவர்.

"கோபால், என் கோட்டைக் கொண்டு வா!"

மனைவியோடு அந்த வீட்டில் வேலை செய்யும் கோபாலசிங்கம் உள்ளே ஓடினார். அங்கே அவர் மனைவி ஞானாம்பிகை, கோட்டிலிருந்து எடுத்த துப்பாக்கியின் வாயை ஈரத்துணியால் பதறிப் பதறித் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் சிவப்பு.

"இஞ்சாரும், இதென்ன ரத்தமே?"

"ரத்தமில்லையப்பா, குங்குமம். நேற்றைக்கு ஆயுத பூசையெல்லே? அயன்பெட்டிக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைச்சனான்..."

"அதுக்கு, துவக்குக்குமே வைக்கிறது? வேலை போகப்போகுது!"

ஞானாம்பிகைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆயுத பூசையண்டு, வீட்டிலை இருக்கிற ஒரேயொரு ஆயுதத்தை விட்டுட்டு அயன்பெட்டிக்குப் பொட்டு வைச்சால் சாமி சிரிக்காதே?"