பெட்டியின் கண் திறந்திருக்கும்போது

பெற்ற பிள்ளையின் பிணத்தைத் தொடுவதற்கும் இந்தக் காலத்தில் ஊரான் உத்தரவு வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தபடி, கிழவர் சடையன் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானோரம் நிற்கிறார். நமுனுகுல மலைப் பனி தேயிலைக்கு மேல் அசையாமல் தொங்குகிறது. கானுக்குள் மகன் மாயழகு விழுந்தபடியே கிடக்கிறான். தவறி விழுந்தான் என்கிறது தோட்ட நிர்வாகம். அடித்துப் போட்டார்கள் என்கிறார் இவர். காயத்தின் நீளம் படத்தில் தெரிய, தலைக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்திருக்கிறார்கள். பதுளையிலிருந்து பொலிஸ் கூட்டி வந்த படக்காரர் ஜாபிர், முக்காலியில் நிற்கும் படப்பெட்டியின் பித்தளை மூடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் குறைவென்பதால் வாய்க்குள் நிதானமாக எண்ணிக்கொண்டிருக்கிறார். மகனின் இமைமேல் ஓர் எறும்பு ஊர்கிறது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சடையன் குறுக்கே போய், விரலால் அதைத் தட்டிவிட்டுச் சட்டென்று திரும்புகிறார்.

"படத்தக் கெடுத்துட்டேனா, ஜாபிர் நானா?"

"இல்ல பெரியவரே. வந்த சுருக்குல போன ஆள் கண்ணாடித் தட்டுல விழாது. அசையாமக் கெடக்கிறதுதான் விழும்."

ஜாபிர் மூடியைப் போடுகிறார். சடையன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்ப, அடிச்சவனும் வந்த சுருக்குல போனவந்தானே."

ஜாபிர் கண்ணாடித் தட்டைப் பெட்டியிலிருந்து உருவுகிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிழவர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடக்கிறார். கொஞ்ச தூரத்திலேயே அவரும் பனியில் தெரியாமல் போகிறார்.