ரெண்டும் இடது கை

"ரெண்டும் இடது கை. இந்தச் சட்டையை யார் போட்டுக்கறது?"

வெட்டிய கைத்துணிகளைத் தையல்காரர் முன்னால் வீசினாள் மனைவி. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இடது ஒன்று, வலது ஒன்று வரும். மடிக்க மறந்தால் இந்தக் கதிதான். கடையில் இருவருமே வெட்டுவார்கள். ஆனால் தப்பு மட்டும் எப்போதும் அவர் தலையில்தான் விடியும்.

"நான்தான் வெட்டியிருப்பேன். ஏதோ நினைப்பு" என்றார்.

"போன வாரம் காலர். நேத்து அயர்ன் பாக்ஸை அணைக்கல. புத்தி எங்கதான் மேயப் போகுது உங்களுக்கு?"

"டாக்டர்கிட்ட காட்டலாம்னு பார்க்கறேன். நீ கூட வந்தா போறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷனுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. நாளைக்குத் தன்னையே யாரென்று கேட்பாரோ? திட்டியதை நினைத்து அழுகை வந்தது. கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தார்.

"நான் எழுத்துகளா வாசிப்பேன். 'ம' வந்தா மட்டும் மேஜையைத் தட்டணும். முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்கம்மா, சார் பார்க்கட்டும்."

இவ்வளவுதானா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

டாக்டரம்மாவின் கோட்டுப் பாக்கெட் கண்ணில் பட்டது. ஒரு மூலை ஏறி, ஒரு மூலை இறங்கி. எந்தப் புண்ணியவான் தைத்தானோ? பிரித்து அடித்தால் சரியாகிவிடும். நூல் அதே நிறத்தில் கிடைக்குமா?

அவள் நிமிர்ந்தபோது வாசிப்பு எப்போதோ முடிந்திருந்தது.

அடுத்து, படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கச் சொன்னார். கண்மூடித் திறப்பதற்குள் அடுக்கிவிட்டாள். இது நன்றாக இருக்கிறதே, இன்னொன்று கொடுக்க மாட்டாரா என்று தோன்றியது.

"யோசிக்கற திறமை பிரமாதம்" என்றார் டாக்டரம்மா. "மறதி நோயா இருக்குமோன்னு பயந்ததுக்கு, அப்படி எதுவும் தெரியல. கவனம்தான் சிதறுது. இந்த வயசுல நிறைய பேருக்கு இருக்கு. இன்னும் ரெண்டு டெஸ்ட் பார்த்துட்டு, என்ன செய்யலாம்னு சொல்றேன்."

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகுதான் உறைத்தது. "ஆனா இவரை இன்னும் நீங்க சோதிக்கவே இல்லியே டாக்டர்?"

தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவருக்கு என்னம்மா சோதிக்கணும்? போன வாரமே வந்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுப் போனார், உங்க பேர்ல."