வாயில்லா ஜீவன்

வெளியே காத்திருந்தவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, வரிசையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள் கணவனும் மனைவியும். கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்தவர் மட்டும் ஏதோ முணுமுணுத்தார். அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் அவர்கள் இல்லை.

கூடைக்குள் பஞ்சு. வெள்ளைப் பூனை. தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாராவது ஒருத்தர் சொல்லுங்கள் என்றார் கால்நடை டாக்டர்.

மனைவி சொன்னாள். ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதாம். மணல் தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்தாலும் மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம். முதுகைத் தொட்டால் சீறுகிறதாம். நேற்றிலிருந்து சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

"வாயில்லா ஜீவன் டாக்டர். என்ன செய்யுதுன்னு அதுக்குச் சொல்லவா தெரியும்? நாமதானே புரிஞ்சுக்கணும்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நடிப்பெல்லாம் இல்லை, நிஜமாகவே அழுதாள். கணவன் கைக்குட்டையை நீட்டினான்.

டாக்டர் காய்ச்சல் பார்த்தார். இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினார். இடது பக்கம் விரல் பட்டதும் பஞ்சு துள்ளியது. ஸ்கேன் எடுத்தார். ஊசியால் மூத்திரப் பையிலிருந்தே நேராகக் கொஞ்சம் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு மீதியை லேபுக்கு அனுப்பினார்.

"கிட்னியில இன்ஃபெக்‌ஷன். கீழே ஆரம்பிச்சு மேலே ஏறியிருக்கு."

"பிழைச்சிடுமா டாக்டர்?" என்று கேட்டான் கணவன்.

பிழைத்துவிடும் என்றார். இன்றே ட்ரிப்ஸ் ஏற்றி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். லேபிலிருந்து பதில் வந்ததும், தேவைப்பட்டால் மருந்தை மாற்றிக்கொள்ளலாம். ஓடியாட ஆரம்பித்துவிட்டதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி வரும், அப்புறம் இங்கே வந்து அழுது பிரயோஜனமில்லை என்று கறாராகச் சொன்னார். மனைவி அப்போதே போனில் அலாரம் வைத்துக்கொண்டாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள அந்த வாரம் முழுக்க லீவு போடுவதாகக் கணவன் சொன்னான்.

அந்த டாக்டர் லேசில் யாரையும் பாராட்டிவிடுகிற ஆள் இல்லை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முற்றவிட்டுவிட்டு வந்து கையைப் பிசைகிறவர்கள். இவர்களைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் மனசு குளிர்ந்துபோயிற்று.

"நல்ல நேரத்துல தூக்கிட்டு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும். பூனை லேசுல வலியை வெளியே காட்டிக்காது. உங்க ரெண்டு பேர்ல யார் கண்டுபிடிச்சது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க இல்ல டாக்டர். எங்கம்மா," என்றான் கணவன். "உடனே டாக்டர்கிட்ட காட்டுன்னு நச்சரிச்சு எடுத்துட்டாங்க."

"அட, பூனை வளர்த்துப் பழக்கமா அவங்களுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது." அவன் பஞ்சுவின் தலையைத் தடவிக்கொடுத்தான். "'எனக்கு இப்படியெல்லாம் இருக்குன்னு தினம் தினம் சொல்றேனே, அதேதான்டா இதுக்கும்'னாங்க."